மலிவான டிசி கன்வெர்ட்டர் பலகைகள்: எழுதியிருக்கும் ஆம்பியரும் கிடைக்கும் ஆம்பியரும்

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க, மின்னழுத்தத்தைக் குறைக்கும் எல்எம்2596 ஐசி உள்ள பலகை ஒன்றைப் பொருத்தினேன். 3 ஆம்பியர் என்று சொல்லி விற்றார்கள். ஆனால் இரண்டரை ஆம்பியர் எடுத்தாலே, மூடிய பெட்டிக்குள் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு மீண்டும் ஓடுகிறது. பலகை பழுதா?

பழுது இல்லை. நீங்கள் பார்ப்பது, சூடு எல்லை மீறியதும் ஐசி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு. 3 ஆம்பியர் என்பது ஐசிக்கு உரிய அளவு. சூட்டை வாங்கி வெளியேற்றப் போதுமான செம்புப் பரப்பும் காற்றோட்டமும் இருந்தால்தான் அந்த அளவு செல்லுபடியாகும். கணக்கைப் பாருங்கள். 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 15 வாட். உற்பத்தியாளர் தரும் செயல்திறனே 80 சதவீதம்தான் என்பதால், ஏறக்குறைய 3.75 வாட் சூடாக மாறி, தீப்பெட்டியை விடச் சிறிய அந்தப் பலகையில் இறங்குகிறது. அதில் சுமார் 2 வாட் ஐசியில் மட்டும் சேரும். அந்த ஐசி அரை சதுர அங்குலச் செம்பின் மேல் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு வாட்டுக்கும் அதன் உட்சூடு சுமார் 50 டிகிரி ஏறும். அதாவது 2 வாட்டுக்கு 100 டிகிரி. நம் ஊர்க் கோடையில் மூடிய பெட்டிக்குள் காற்றே 45 டிகிரியைத் தொட்டுவிடும். ஐசிக்கு அனுமதிக்கப்பட்ட உட்சூடோ 125 டிகிரிதான்.

ஆகவே இந்தப் பலகையை ஹீட் சிங்க் இல்லாமல் தொடர்ந்து ஓட்டுவதென்றால் 2 ஆம்பியருக்கு மேல் கேட்காதீர்கள்; மூடிய பெட்டி என்றால் ஒன்றரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் உண்மையிலேயே தேவை என்றால், 5 ஆம்பியர் என்று விற்கப்படும் எக்ஸ்எல்4015 பலகையை வாங்கி, அதிலும் மூன்றோடு நிற்பது நல்லது.

கேள்வி: ஒரே கடையில் வாங்கிய இரண்டு எல்எம்2596 பலகைகளில் ஒன்று மட்டும் அதிகமாகச் சூடாகிறது. போலி ஐசியாக இருக்குமா?

இருக்கலாம். அசல் எல்எம்2596 விநாடிக்கு சுமார் 1,50,000 முறை (150 கிலோஹெர்ட்ஸ்) திறந்து மூடும். மேலே அதே எண்ணை அச்சிட்டு வரும் சில ஐசிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் ஓடுகின்றன. அது எல்எம்2576 என்ற முந்தைய ஐசியின் வேகம். என் மேசைக்கு வந்த அப்படிப்பட்ட ஒரு பலகையில், ஐசியை விடக் காயில்தான் முதலில் சுட்டது. விரலை வைத்தால் இரண்டு விநாடிகூடத் தாங்கவில்லை. காயிலுக்கு நேர் கீழே பலகையின் அடிப்பக்கம் பழுப்பேறியிருந்தது. காரணம் எளியது. பலகையில் உள்ள காயிலும் கெபாசிட்டரும் 150 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்ற அளவில் வைக்கப்பட்டவை. வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் காயில் வழியே ஏறி இறங்கும் மின்னோட்டம் மூன்று மடங்காகிறது. காயிலின் உள்ளகம் காந்தச் செறிவை எட்டுகிறது, அதாவது அதற்கு மேல் காந்தமேற முடியாமல் போகிறது. வெளியீட்டில் அலைவும் பெருகுகிறது. அலையின் வேகத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லாதவர்கள் ஒரே சுமையை இரண்டு பலகைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துக் காயிலின் சூட்டை ஒப்பிட்டால் போதும்.

கேள்வி: ஒற்றை லித்தியம் செல்லிலிருந்து எம்டி3608 பலகை மூலம் 12 வோல்ட், 1 ஆம்பியர் எடுக்க முடியுமா?

முடியாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் பலகைகளில் பெரிய எழுத்தில் போடும் ஆம்பியர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்விட்சின் எல்லை. அது வெளியீடு அன்று. 12 வாட் வெளியே வர வேண்டுமானால், 85 சதவீதச் செயல்திறன் என்று தாராளமாகக் கொண்டாலும், 14 வாட்டுக்கு மேல் உள்ளே போக வேண்டும். செல் 3.7 வோல்ட்டில் இருக்கும்போது அது சராசரியாக 3.8 ஆம்பியர்; உச்சம் அதற்கும் மேலே. ஐசியின் ஸ்விட்ச் எல்லையோ 4 ஆம்பியர். செல் 3 வோல்ட்டுக்கு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். 300, 400 மில்லி ஆம்பியர் வரை நம்பலாம். 4 ஆம்பியர் என்று விற்கப்படும் எக்ஸ்எல்6009 பலகைக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வகைப் பலகையில் உள்ளீட்டிலிருந்து காயில், டயோடு வழியாக வெளியீட்டுக்கு நேர்ப்பாதை எப்போதும் திறந்தே இருக்கும். வெளியீடு ஷார்ட் ஆனால் ஐசியால் எதையும் தடுக்க முடியாது. செல்லின் பக்கம் ஃபியூஸ் இல்லாமல் இதைப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: இரண்டு பலகைகளை இணையாக இணைத்தால் இரு மடங்கு ஆம்பியர் கிடைக்குமா?

கிடைக்காது. வெளியீட்டு மின்னழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் பலகையே முழுச் சுமையையும் இழுத்துக்கொண்டு சூடேறும்.

கேள்வி: 12 வோல்ட் சோலார் பேனல்கள் இரண்டைத் தொடரில் இணைத்து எல்எம்2596 பலகைக்குக் கொடுத்தேன். 24 வோல்ட்தானே, 40 வரை தாங்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையிலேயே எரிந்துவிட்டது. ஏன்?

12 வோல்ட் என்பது அந்தப் பேனல் எந்தப் பேட்டரிக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் பெயர். சுமை இல்லாதபோது அது 21, 22 வோல்ட் காட்டும். இரண்டும் சேர்ந்தால் 43, 44. குளிர்ந்த பேனலில் மின்னழுத்தம் இன்னும் ஏறும் என்பதால், சுமை இல்லாமல் முதல் வெயில் படும் காலை நேரமே பலகைக்கு மிக ஆபத்தான நேரம். ஐசியின் உச்சபட்ச எல்லை 45 வோல்ட். இயக்கத்துக்கு உரியது 40. சில பலகைகளில் உள்ளீட்டுக் கெபாசிட்டர் 35 வோல்ட்டுக்குத்தான் இருக்கும். வாங்கும்போதே அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பேனல்களை இணையாக மாற்றுங்கள். 48 வோல்ட் மின்சைக்கிள் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: முழு சார்ஜில் 13 செல் பேட்டரி 54.6 வோல்ட் தரும்.

கேள்வி: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை 12 வோல்ட்டிலிருந்து எல்எம்2596 பலகையில் ஓட்டுவது பாதுகாப்பானதா?

இரண்டு அபாயங்கள் உண்டு. முதலாவது, திருகி மின்னழுத்தத்தை அமைக்கும் பிரிசெட். எல்எம்2596 பலகையில் அது வெளியீட்டுக்கும், ஐசி வெளியீட்டை அளந்து பார்க்கும் ஃபீட்பேக் காலுக்கும் இடையே இருப்பதால், அதன் உட்தொடர்பு தூசியாலோ அதிர்வாலோ விட்டுப்போனால், வெளியீடு குறைந்திருப்பதாக நினைத்து ஐசி முழு 12 வோல்ட்டையும் திறந்துவிடும். பிரிசெட்டைக் கழற்றி நிலையான ரெசிஸ்டர் வையுங்கள். பலகையில் கீழ் ரெசிஸ்டர் 330 ஓம் என்றால், மேலே 1 கிலோ ஓம் வைத்தால் 4.96 வோல்ட் வரும். 5.1 வேண்டுமென்றால் 1 கிலோவோடு 39 ஓம் தொடரில் சேர்க்கலாம். இணைக்கும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஐசி எரியும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகியே எரிகிறது; அப்போதும் 12 வோல்ட் நேராக ராஸ்பெரி பைக்குள் போகும். உள்ளீட்டில் ஃபியூஸும், வெளியீட்டில் மின்னழுத்தம் மீறியதும் ஷார்ட் செய்து அந்த ஃபியூஸைப் போக்கும் எஸ்சிஆர் சுற்றும் சேர்த்தால், சில பத்து ரூபாய்ச் செலவில் பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் தப்பும்.

கேள்வி: பலகையை ஓட்டினால் அருகிலுள்ள ரேடியோவில் சென்னை வானொலி இரைகிறது. சரிசெய்ய முடியுமா?

150 கிலோஹெர்ட்ஸின் மடங்குகளான 600, 750, 900 எல்லாம் மீடியம் வேவுக்குள்ளேயே விழுகின்றன. ஐசிக்கு ஐசி இந்த வேகம் மாறும்; உங்களுடையது 144 அளவில் ஓடினால் அதன் ஐந்தாம் மடங்கு சரியாக 720 கிலோஹெர்ட்ஸில், சென்னை நிலையத்தின் மேலேயே வந்து உட்காரும். ஒயர்களைக் குட்டையாக்கி முறுக்கிவிடுங்கள். வெளியீட்டில் சிறு காயிலும் கெபாசிட்டரும் கொண்ட ஃபில்ட்டர் போடுங்கள். ரேடியோவின் ஃபெரைட் ஏரியலைப் பலகையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அப்போதும் இரைந்தால், சில நூறு மில்லி ஆம்பியர் மட்டுமே வேண்டிய இடத்தில் திறந்து மூடாமலே 5 வோல்ட் தரும் 7805 ஐசியை ஹீட் சிங்க்கோடு போடுவதே சரி. அது சூடாகும், ஆனால் அலைவரிசையைக் கெடுக்காது.