விங்ஃபீல்ட் வறுத்த அணில்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்து நிலைத்த முதல் குடியேற்றமான ஜேம்ஸ்டவுன் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1607-ல் அங்கே போய் இறங்கிய 104 பேரை ஆள ஏழு பேர் கொண்ட குழுவை, அந்தக் குடியேற்றத்துக்குப் பணம் போட்ட லண்டன் கம்பெனி நியமித்திருந்தது. அந்த ஏழு பேர் தங்களுக்குள் அடித்துக்கொண்டதிலேயே பாதி ஊர் செத்துப்போனது. அடுத்த ஆண்டு ஜான் ஸ்மித் தலைவராகி, ‘உழைக்காதவனுக்குச் சோறில்லை’ என்று பிரம்பை எடுத்த பிறகுதான் ஊர் பிழைத்தது. பசி வந்த இடத்தில் குழு ஆட்சி உதவாது, ஒரு கை ஓங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பழங்குடித் தலைவரின் மகள் போகஹாண்டஸ் ஸ்மித்தின் உயிரைக் காப்பாற்றிய கதை உண்மைதானா?

கா., திருச்சி

அன்புள்ள தம்பி,

போகஹாண்டஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1608-ல் அச்சான ஸ்மித்தின் முதல் குறிப்பில் அந்தக் காட்சி இல்லை. 1624-ல் வந்த அவருடைய பெரிய நூலில் இருக்கிறது. அந்தப் பெண் 1617-லேயே இறந்துவிட்டாள். இதற்கு மேல் அதில் எனக்கு அக்கறை இல்லை.

என்னை நிறுத்தியது வேறொன்று. அடித்துக்கொண்டார்கள் என்கிறீர்கள். எதற்காக என்று கேட்டுப் பார்த்தீர்களா? பதவிக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன், முதல் தலைவரான எட்வர்ட் மரியா விங்ஃபீல்ட் தன் தரப்பை எழுதிவைத்ததை வாசிக்கும் வரை.

1607 கோடையில், அவர்களைக் கொண்டுவந்த பெரிய கப்பல்கள் இரண்டும் திரும்பிவிட்டன. குடிப்பது ஆற்றுத் தண்ணீர். கடல் ஏறும்போது உப்பு, இறங்கும்போது சேறு. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னக் குவளை பார்லி, வெறும் தண்ணீரில் வேகவைத்தது. ஆகஸ்டு முழுக்கச் சாவு. செப்டம்பர் 10 அன்று விங்ஃபீல்டைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? கோழி கேட்டேன், தரவில்லை என்றார் குழுவில் ஒருவரான ஜான் ராட்க்ளிஃப். ஒரு கரண்டி பீர் கேட்டேன், அதையும் தரவில்லை, கெட்டுப்போன தானியத்தைப் போட்டார் என்றார். என் மகனைப் பட்டினி போட்டார் என்றார் குழுவில் இன்னொருவரான ஜான் மார்ட்டின். விங்ஃபீல்ட் சொன்ன பதில் இது: நான் வறுத்தது ஒரே ஒரு அணில், அதுவும் எனக்கு ஒருவர் கொடுத்தது, அதிலும் ஒரு பங்கை நோயில் கிடந்த ராட்க்ளிஃபுக்குக் கொடுத்தேன்.

அன்று அந்த வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

என் கல்லூரி விடுதியில் மெஸ்ஸை மாணவர்களே நடத்தினோம். டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது. ஒரு மாதம் பில் ஏறிவிட்டது. மெஸ் செகரட்டரி ராத்திரியில் ஸ்டோர் ரூமைத் திறந்து முட்டை அவித்துத் தின்கிறான் என்று பேச்சு கிளம்பியது. கூட்டம் போட்டோம். முதலில் எழுந்து பேசியது நான்தான். அரை மணி நேரம் பேசினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். படிப்பு முடிந்து வெகுகாலம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் எங்கள் ஜூனியர் ஒருவர் சொன்னார். அவருக்கு அப்போது காசநோய். தெரிந்தால் விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார். தினமும் இரண்டு முட்டை அவருக்குப் போயிருக்கிறது. கணக்கு நோட்டில் அந்த முட்டைகளும் எழுதப்பட்டிருந்தனவாம். அன்று எங்களில் ஒருவர்கூட நோட்டைக் கேட்கவில்லை. சாவியைத்தான் கேட்டோம்.

விங்ஃபீல்டை நான் புனிதராக்கவில்லை. எண்ணெய், வினிகர், ஒயின், சாராயம் என்று ஒவ்வொன்றிலும் இரண்டே கேலன் மிஞ்சியபோது பீப்பாய்களை அடைத்து மறைத்தார். குழுவில் பார்த்தலோமியு காஸ்னால்ட் ஒருவருக்கு மட்டும் சொன்னார். ஒயின் தேவாலயப் பூசைக்கு, மற்றவை ஆபத்துக் காலத்துக்கு. நோக்கம் நல்லதுதான். ஆனால் பசித்தவன் முன்னால் பூட்டிய கதவு இருந்தால், உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்கு இருப்பதாகத்தான் அவனுக்குத் தோன்றும். எவ்வளவு இருக்கிறது என்று எல்லாரையும் கூட்டி எண்ணிக் காட்டியிருந்தால்? அதைத்தான் அந்த ஊரில் யாரும் செய்யவில்லை. கம்பெனி செய்யவில்லை, குழு செய்யவில்லை, நீங்கள் கொண்டாடும் ஸ்மித்தும் பெரிதாகச் செய்யவில்லை.

சரி, ஸ்மித்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘உழைக்காதவனுக்குச் சோறில்லை’ என்று எழுதுகிறீர்களே, அது யாருடைய சோறு? அந்த மண்ணின் பழங்குடிகளான பவ்ஹாட்டன் மக்கள் விளைவித்த மக்காச்சோளம். செம்புத் தகட்டுக்கும் பாசிமணிக்கும் வாங்கியது, கொடுக்காதபோது துப்பாக்கியைக் காட்டி வாங்கியது. அந்தப் பக்கத்து மரங்களின் வளையங்களை எண்ணியவர்கள் 1606 முதல் 1612 வரையிலான ஏழு ஆண்டுகள் 770 ஆண்டுகளில் இல்லாத வறட்சி என்று 1998-ல் சொன்னார்கள். அதாவது சோளம் கொடுத்தவர்கள் வீட்டிலும் குழந்தைகள் பசித்திருந்தன. இதை விட்டுவிட்டுப் பிரம்பைப் பற்றி மட்டும் எழுதுவது, மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு எழுதுவது.

பிரம்பு முழுசாக ஓங்கிய காலமும் அங்கே வந்தது. 1610-க்குப் பிறகு ராணுவச் சட்டம். இரண்டு மூன்று பைன்ட் ஓட்ஸ் மாவு திருடியவனின் நாக்கில் ஊசி குத்தி, மரத்தோடு சங்கிலியால் கட்டி, பட்டினியிலேயே சாகவிட்டார்கள் என்று அங்கே பிழைத்திருந்தவர்களே பின்னால் எழுதினார்கள். இதுதானா தம்பி, நீங்கள் கேட்கும் ஓங்கிய கை? உங்கள் வயதில் எனக்கும் பிரம்பு பிடித்திருந்தது. அதனால்தான் பயப்படுகிறேன்.

ஸ்மித் வெடிமருந்துக் காயத்தோடு 1609 அக்டோபரில் கப்பல் ஏறினார். அவர் போனதால்தான் அடுத்த குளிர்காலப் பஞ்சம் வந்தது என்பீர்கள். அந்த ஆகஸ்டில் முந்நூறு பேரளவில் புதிதாக வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களை ஆளவேண்டிய அதிகாரிகளும் சரக்கில் ஒரு பகுதியும் இருந்த கப்பல் வழியில் பெர்முடா தீவில் உடைந்து கிடந்தது. அணிலில் பங்கு வாங்கிய ராட்க்ளிஃப், அந்தப் பழங்குடிகளின் தலைவர் பவ்ஹாட்டனிடம் சோளம் வாங்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். ஜேம்ஸ்டவுனில் இருந்த முந்நூறு பேரில் வசந்தத்தில் மிஞ்சியது அறுபது பேரளவில். நாய், எலி, செருப்புத் தோல், கடைசியில் மனித உடல். 2012-ல் அங்கே கிடைத்த பதினான்கு வயதுப் பெண்ணின் மண்டையோட்டில் வெட்டுத் தடங்கள் இருந்தன.

இதற்குள் நீங்கள் வாசித்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே குளிர்காலத்தில் ஆற்றின் முகத்துவாரத்தில், பாயின்ட் கம்ஃபர்ட் கோட்டையில், இதே குடியேற்றத்தைச் சேர்ந்த நாற்பது பேரளவில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நண்டு அவ்வளவு கிடைத்தது, பன்றிகளுக்கும் அதையே போட்டார்கள். தலைவராக இருந்த ஜார்ஜ் பெர்சிக்கு அது தெரியாது. 1610 மே மாதம் படகில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தங்களில் சிலரை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்ப அவர்கள் உணவைச் சேர்த்துவைத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஜேம்ஸ்டவுனில் பாதிப் பேரை அடுத்த நீரேற்றத்தில் இங்கே அழைத்துவருவேன் என்று அவர்களிடம் சத்தம் போட்டிருக்கிறார்.

அடுத்த கடிதத்தில் ஸ்மித்தை விட்டுவிடுங்கள். அந்த நாற்பது பேரைப் பற்றி வாசித்துவிட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.