கோடு ஐந்தும் நிறைந்திருக்க வேகம் எங்கே போகிறது? வேலணை வீட்டுக்கு இன்ரநெற்

கேள்வி: வேலணையில் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் பைபர் வரவில்லை. 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம். சிக்னல் கோடுகள் எப்போதும் நிறைந்தே நிற்கும். ஆனால் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் மகளுக்கு, இரவு 8 மணிக்குப் பிறகு வீடியோக் கூட்டம் அறுந்து அறுந்து போகிறது. கூரையில் அன்ரெனா பூட்டினால் சரிவருமா? 10 மீற்றர் வயரோடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

பதில்: அந்த 10 மீற்றர் வயர் அன்ரெனாவை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கோளாறு சிக்னலிலா, ஒரே ரவரைப் பலர் பாவிப்பதால் வரும் நெரிசலிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். நெரிசலென்றால் அன்ரெனாவுக்குச் செலவழித்தும் பெரிதாக ஒன்றும் மாறாது.

கோடுகளை மறந்துவிடுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று இருக்கும். அதை போனில் திறந்தால் ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர். என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது சிக்னலின் பலம்: −85க்கு மேல் என்றால் நன்று, −100 வரை சமாளிக்கலாம், −110க்குக் கீழே போனால் கஷ்டம். இரண்டாவது சிக்னலின் தெளிவு: 20க்கு மேல் மிக நன்று, 10க்கு மேல் வேலை ஓடும், 5க்குக் கீழே இழுபறிதான். மூன்று நாட்களுக்குக் காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இந்த இரண்டையும், பதிவேற்ற, பதிவிறக்க வேகத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நயினாதீவுத் திருவிழா நாட்களில் மட்டும் வேண்டாம். நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவானுக்குப் போகிற சனமெல்லாம் உங்கள் வழியால்தான் போகும். அந்த அளவு எதற்கும் உதவாது.

காலையில் வேகம் நன்றாக இருந்து, இரவில் எண்கள் அப்படியே நிற்க வேகம் மட்டும் விழுந்தால், அது ரவரின் நெரிசல். எண்களே இரண்டு வேளையும் மோசமென்றால் சிக்னல் கோளாறு, அதற்கு அன்ரெனா உதவும். தீவகத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: பலம் −80, தெளிவு 3. பரவைக் கடலுக்கு மேலால் மறைப்பே இல்லாததால், உங்கள் ரவுட்டருக்குப் பக்கத்து ரவரோடு யாழ்ப்பாணக் கரையின் ரவர்களும் சேர்ந்து கேட்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் சத்தம் நிறைய இருக்கும், ஒன்றும் விளங்காது. கோடு நிறைந்தும் வேகம் இல்லாததற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒரு திசையை மட்டும் பார்க்கும் அன்ரெனா இங்கேதான் கைகொடுக்கும்.

இனி வயர் விஷயம். மலிவு அன்ரெனாக்களோடு வருவது பெரும்பாலும் ஆர்.ஜி. 58 போன்ற மெல்லிய வயர். 4ஜி அலைவரிசையில் அது மீற்றருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) அளவைத் தின்னும். 10 மீற்றரில் 10 டெசிபெல், அதாவது பத்தில் ஒரு பங்குதான் ரவுட்டருக்கு வந்து சேரும். அன்ரெனா கூட்டித் தந்ததை வயரே விழுங்கிவிடும். தடித்த எல்.எம்.ஆர். 400 வயரில் இதே தூரத்துக்கு 2 டெசிபெல் அளவே போகும். ஆனால் அது வளையாது, விலையும் கூட. அத்தோடு 4ஜிக்கு இரண்டு வயர் வேண்டும். ஒன்றை மட்டும் கொழுவினால் வேகத்தில் பாதி போகலாம்.

எங்கள் தெரிவு வேறு: அன்ரெனாவை அல்ல, ரவுட்டரையே மேலே ஏற்றுங்கள். வெளியில் பூட்டுவதற்கென்றே அன்ரெனா உள்ளடங்கிய 4ஜி ரவுட்டர்கள் விற்கின்றன. அதிலிருந்து வீட்டுக்குள் வருவது ஒரு லான் வயர் மட்டும். மின்சாரமும் அதே வயரில் ஏறும். கட் 6 ரக லான் வயரில் 100 மீற்றர் வரை சிக்னல் இழப்பைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. வயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியம் என்றால் மின்சாரம் மேலே போய்ச் சேருமுன் இறங்கிவிடும். வாங்குமுன் உங்கள் சிம் வேறு ரவுட்டரில் ஓடுமா என்று கேளுங்கள், சில டேட்டாப் பொதிகள் ஒரு ரவுட்டருக்கு மட்டும் பூட்டியிருக்கும்.

பூட்ட ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் போதும். முகட்டுக்கு மேலே இரண்டு மீற்றர் உயர்த்தி, மூன்று பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். முற்றிய பனையை உயரத்தால் வெல்ல முடியாது, வெல்லத் தேவையுமில்லை; அதன் வட்டு மேலே போய்விடும், அடிமரங்களுக்கிடையே அலை நுழையும். கூரை மட்டத்தில் ஓலை விரித்து நிற்கும் இளம் பனையான வடலிதான் எதிரி, மழையில் நனைந்தால் இன்னும் மோசம். குழாயை வளவுக்குள் நாலைந்து மீற்றர் நகர்த்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பனையிலேயே கட்டிவிட வேண்டாம். காற்றுக்கு ஆடும், இடியும் அதைத்தான் தேடும்.

ரவுட்டரைத் திசை பார்த்துத் திருப்பும்போது 15 பாகை நகர்த்தி, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணை எழுதி, மறுபடி நகர்த்துங்கள். பலம் கூடிய திசையை விட்டுத் தெளிவு கூடிய திசையில் இறுக்குங்கள். உப்புக் காற்றுக்குச் சாதாரண ஆணி ஒரு மாரிக்கு மேல் தாங்காது, துருப்பிடிக்காத எஃகு ஆணியே வேண்டும். வயர் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளையம் விடுங்கள், தண்ணீர் அதிலே சொட்டிப் போகும். குழாயை எர்த் பண்ணி, ஐப்பசி கார்த்திகை இடிமின்னலில் பிளக்கையும் லான் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கரண்ட் போகும் நேரத்துக்கு 12 வோல்ற் 7 ஆம்பியர்-மணி பற்றரி, 12 வாற் ரவுட்டரை நாலைந்து மணித்தியாலம் இழுக்கும். வெளி ரவுட்டர்கள் பல 24 அல்லது 48 வோல்ற் கேட்கும், பார்த்து வாங்குங்கள்.

கொப்பி நெரிசல் என்று சொன்னால் வேறு நிறுவனங்களின் சிம்மைப் போனில் போட்டு, இரவு 9 மணிக்கு அதே முற்றத்தில் அளந்து பாருங்கள். வீடியோக் கூட்டத்துக்கு ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிலையான 4 மெகாபிட் போதும். எதுவும் சரிவராவிட்டால் 2025 யூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இன்ரநெற் இருக்கிறது. மாதக் கட்டணம் 4ஜியை விடக் கூட. வழமையான டிஷ் 75 முதல் 100 வாற் வரை எடுக்கும், எனவே மேலே சொன்ன பற்றரி அதற்கு ஒரு மணித்தியாலமும் காணாது. வானம் திறந்திருக்க வேண்டும். அங்கே வடலியை விட முற்றிய பனைதான் தொல்லை.