இறந்த வண்டின் நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பதப்படுத்தப்பட்ட பூச்சிகளைப் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் லெவன் பிஸ் எடுத்த புகைப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அவற்றைத் தேடிப் பார்த்தேன். வியப்பு அடங்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பூச்சியின் உருவத்துக்காக 8,000 படங்களை எடுத்துக் கணினியில் இணைக்கிறார் என்று அறிந்ததும் மனம் சற்றுச் சுணங்கியது. எந்தக் கண்ணாலும் ஒரே பார்வையில் காண முடியாத ஒன்றைப் புகைப்படம் என்று சொல்லலாமா? அதுவும் உயிரற்ற உடல். வயலில் ஊரும் வண்டுக்காகக் காத்திருந்து எடுப்பவரின் படத்தில் உள்ள உண்மை இதில் உண்டா? எனக்கும் இதைச் செய்து பார்க்க ஆசை இருக்கிறது; அதற்காக ஒரு வண்டைக் கொல்ல மனம் ஒப்பவில்லை.

தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். 8,000 என்ற எண்ணிக்கையை விதிப்பது ஒளியியல். உருப்பெருக்கம் கூடக்கூட, ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போகும். நுண்ணோக்கியின் பத்து மடங்கு லென்ஸைக் கேமராவில் பொருத்தினால், தெளிவாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லாம் மங்கலாகிவிடும். வண்டின் முதுகோ பல மில்லிமீட்டர் உயரமுள்ள வளைவு. ஆகவே பிஸ் தம் கேமராவை மின்விசையால் நகரும் தண்டவாளத்தில் ஏற்றி, 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்த்துவதும் ஒரு படம் எடுப்பதுமாகத் தொடர்கிறார். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 75 மைக்ரான் என்பதை நினைத்தால் அந்த நகர்வின் அளவு விளங்கும். பிறகு ஒவ்வொரு படத்திலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் மென்பொருள் எடுத்துக் கோக்கிறது. அந்தக் கோப்பில் வண்டின் மேல் இல்லாத ஒரு மயிரோ குழியோ சேர்க்கப்படுவதில்லை.

எந்தக் கண்ணாலும் ஒரே பார்வையில் காண முடியாதது என்று எழுதியிருக்கிறீர்கள். நுண்ணோக்கியில் வண்டைப் பார்க்கும் பூச்சியியலாளரும் அதை ஒரே பார்வையில் கண்டதில்லை. குமிழைத் திருகித் திருகி, மேட்டையும் பள்ளத்தையும் தனித்தனியே கண்டு, மனத்தில் முழு உருவத்தைச் சேர்த்துக்கொள்கிறார். புகைப்படம் வருவதற்கு முன்பு பூச்சிகளை வரைந்த ஓவியர்களும் இப்படிப் பார்த்துத்தான் தலைமுதல் கால்வரை தெளிவாக வரைந்தார்கள். அந்த ஓவியங்களை நாம் பொய் என்று ஒதுக்குவதில்லை.

ஐயம் எழ வேண்டிய இடம் வேறு என்பது என் கருத்து. பிஸ் ஒரு பூச்சியைச் சுமார் 30 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஒளி அமைக்கிறார். உணர்கொம்புக்கு ஒரு வெளிச்சம், கண்ணுக்கு ஒன்று, முதுகை மூடும் கடினமான மேலிறக்கையின் வரிகளுக்கு இன்னொன்று. கோயில் தூணில் உள்ள சிற்பம் உச்சி வெயிலில் தட்டையாகவும் சாய்வெயிலில் புடைத்தெழுந்தும் தெரிவதுபோல, வண்டின் மேற்பரப்பிலும் ஒளி வரும் கோணம்தான் செதுக்கலைக் காட்டும். அதனால் அவர் செய்வதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இறுதியில் நாம் காண்பது எந்த ஒரு சூரியனின் கீழும் நிற்காத பூச்சி. தம் முறையை அவர் ஒளிக்காமல் விளக்கியிருக்கிறார்; 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோது தொடருக்குத் தந்த தலைப்பே நுண்சிற்பம் என்ற பொருளுடையது. வடிவத்தைக் காட்டும் கலையாக நான் அவற்றை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒரு புதிய வண்டினத்தை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையில் அத்தகைய படத்தை வைத்தால் ஏற்க மாட்டேன். அங்கே ஒரே ஒளியும் அளவுகோலும் வேண்டும்.

இறந்த உடலின் உண்மை பற்றி நீங்கள் கேட்டது நிறத்தைப் பொறுத்தவரை மிகவும் நியாயமான கேள்வி. பொன்வண்டின் பச்சை சாயத்தால் வந்ததன்று. அதன் மேலிறக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மிக மெல்லிய அடுக்குகள் ஒளியைப் பிரதிபலிக்கும் விதத்தால் அந்நிறம் உண்டாகிறது. அடுக்குகள் சிதையாதவரை நிறமும் போகாது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பொன்வண்டு இறக்கைகளை வைத்துத் தைத்த மஸ்லின் துணிகள் இலண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த இறக்கைகள் இன்றும் பச்சையாகவே மின்னுகின்றன. ஆமை வண்டுகளின் கதை இதற்கு நேர்மாறானது. சர்க்கரைவள்ளி, நெய்வேலிக் காட்டாமணக்கு போன்ற செடிகளின் இலைகளைத் தின்னும் அந்தக் குடும்பத்தில் சில இனங்கள் உயிரோடிருக்கையில் தூய பொன்னிறத்தில் ஒளிரும். அந்தப் பொன், அடுக்குகளுக்கிடையே உள்ள ஈரத்தை நம்பியிருப்பது. வண்டு இறந்து உலர்ந்ததும் மங்கிய பழுப்பே மிஞ்சும். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் ஹெர்குலிஸ் வண்டும் இத்தகையதே: உலர்ந்த காற்றில் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் அதன் மேலிறக்கை, ஈரம் மிகுந்தால் கறுத்துவிடும். அருங்காட்சியகப் பெட்டியில் இருப்பதை மட்டும் படமெடுத்து, இதுதான் இவ்வண்டின் நிறம் என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

ஆகவே வடிவத்துக்குப் பதப்படுத்திய உடலையும், நிறத்துக்கு உயிருள்ள வண்டைக் காத்திருந்து எடுத்தவரின் படத்தையும் நான் நம்புவேன். பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் உயிருள்ள வண்டை இவ்வாறு எடுக்க இயலாது. அதன் மூச்சசைவே நூற்றுக்கணக்கான படங்களைக் கெடுத்துவிடும். அதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்கள் உண்டு. அந்த வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

நீங்கள் எதையும் கொல்ல வேண்டியதில்லை. தெருவிளக்கின் அடியிலும் சன்னல் விளிம்பிலும் முதல் மழைக்குப்பின் இறந்த வண்டுகள் கிடக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் யாரையேனும் அறிந்திருந்தால் கேளுங்கள்: தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டுக்காக வைக்கும், வாசனையால் ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளில் எப்படியும் வண்டுகள் விழுகின்றன. தொடங்குபவருக்கு அதைவிட நல்ல வண்டு இல்லை. உருவம் பெரியது, கொம்பும் குழிகளும் ஒளிக்கு நன்றாக ஈடுகொடுக்கும். விறைத்த உடலை ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வைத்தால் கால்கள் இளகும். பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மெல்லிய தூரிகையை ஆல்கஹாலில் தோய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது, ஏனெனில் இங்கே விட்ட தூசியைப் பின்னால் கணினியில் நீக்கத் தொடங்கினால், நீக்கியது தூசியா வண்டின் மயிரா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். வண்டை நிலைநிறுத்தும் ஊசியை வலப்பக்க மேலிறக்கையின் வழியாகக் குத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். உங்கள் ஊர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்துக்குச் சென்றால் ஊசி குத்திய மாதிரிகளை நேரில் பார்க்கலாம்.

பத்து மடங்கு லென்ஸ் உடனே தேவையில்லை. சிறு பொருள்களை அருகிலிருந்து எடுக்க உதவும் சாதாரண மேக்ரோ லென்ஸும் கையால் திருகி நகர்த்தும் தண்டவாளமும் போதும். சில பத்துப் படங்களிலேயே ஒரு நல்ல உருவம் சேர்ந்துவிடும். வெளிச்சத்தை நேராக விழ விடாமல், வண்டைச் சுற்றி டிரேசிங் தாளை உருளையாக நிறுத்தி அதன் வழியே விழச் செய்யுங்கள். பளபளப்பை அடக்க, விளக்கிலும் லென்ஸிலும் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசிங் வடிகட்டிகளைக் குறுக்குமறுக்காகப் பொருத்துவோர் உண்டு. காண்டாமிருக வண்டுக்கு அது பொருந்தலாம். பொன்வண்டில் அதைச் செய்தால் பளபளப்போடு அதன் பச்சையும் அடங்கிவிடும், ஏனெனில் அந்த நிறமும் ஒரு பிரதிபலிப்பே. படத்தை வெளியிடும்போது எத்தனை படங்களை இணைத்தீர்கள், ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது, வண்டு எந்த ஊரில் எந்தத் தேதியில் கிடைத்தது என்பவற்றை அதன் கீழே எழுதுங்கள். ஊரும் தேதியும் எழுதிய சிறு சீட்டு ஒன்று வண்டின் ஊசியிலும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்