இன்டென்ட் நோட்டைக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். செஃப் ஆவதுதான் அவள் ஆசை. ஒரு தனியார் கல்லூரியில் பளபளக்கும் கிச்சனைக் காட்டி, நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். என் தம்பியோ, “அடுப்படியில் நிற்க எதற்குப் படிப்பு?” என்கிறான். எதைப் பார்த்துச் சேர்ப்பது?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: சகோதரி, நானும் அப்படி ஒரு பளபளப்பைப் பார்த்துச் சேர்ந்தவன்தான். இரண்டு வருடமும் சார் சமைப்பார். நாற்பது பேர் சுற்றி நின்று நோட்டில் எழுதுவோம். வேலைக்குப் போன முதல் நாள் பத்து கிலோ வெங்காயத்தை முன்னால் வைத்தார்கள். மதியம்வரை நறுக்கியும் பாதிகூட முடியவில்லை. என் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் பிராக்டிகல் நடக்கிற நாளாகப் பார்த்து மகளோடு போங்கள். ஒரு அடுப்புக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அப்புறம் இன்டென்ட் நோட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஸ்டோரிலிருந்து என்ன சாமான் எடுத்தார்கள் என்று அதில் இருக்கும். இருபது பேருக்கு ஒன்றரை கிலோ கோழி என்றால், ஒரு பிள்ளையின் கைக்கு எவ்வளவு வந்திருக்கும்? காட்ட மறுத்தால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். ஹோட்டல் பயிற்சியில் கிச்சனில் எத்தனை வாரம் நின்றார்கள், பேங்க்வெட் என்ற விருந்துக் கூடத்தில் தட்டு தூக்கியே கழிந்ததா, இரவு ஷிஃப்ட் முடிந்தால் பெண்களை வீட்டில் கொண்டுவிட வண்டி உண்டா என்று விசாரியுங்கள்.

சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் ஐ.எச்.எம். என்ற அரசு ஹோட்டல் நிர்வாகக் கல்லூரி இருக்கிறது. 3 வருட பி.எஸ்சி.க்கு தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் அது ஹோட்டல் நிர்வாகப் படிப்பு. கிச்சனோடு சர்வீஸ், ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் படிக்கணும். சமையல் மட்டும்தான் என்று அவள் உறுதியாக இருந்தால், திருப்பதியில் இருக்கும் இந்தியன் கலினரி இன்ஸ்டிட்யூட்டையும் பாருங்கள். அங்கே கலினரி ஆர்ட்ஸிலேயே பி.பி.ஏ. உண்டு. பணம் இடித்தால், உணவுத் தயாரிப்புக்கென்றே ஒன்றரை வருட கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் படிப்பும் இருக்கிறது. அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. எங்கே படித்தாலும் பெரும்பாலும் கமி 3 என்ற, உதவிச் சமையல்காரரின் கடைசிப் படியில்தான் ஆரம்பிக்கணும். கை பழகுவது வேலையில்தான். ஆனால் முட்டைக் கருவும் வெண்ணெயும் சேர்த்த ஹாலண்டேஸ் சாஸ் ஏன் திரிந்தது, சமைத்து இறக்கிய பிரியாணியை வெறுமனே வெளியில் வைத்தால் ஏன் கெடுகிறது, ஒரு பிளேட்டுக்கு அடக்க விலை என்ன என்பதை அவசர வேளையில் எந்த மாஸ்டரும் நின்று சொல்லித்தர மாட்டார். கல்லூரிக்கு நாம் பணம் கட்டுவது அதற்குத்தான்.

நூறு சதவீத வேலை என்பதில் மயங்க வேண்டாம். கமி வேலைக்கு ஆள் எப்போதும் தேவை. மூன்று வருடத்துக்கு முன் முடித்தவர்கள் இப்போது எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஃபீஸ் கட்டுவதற்கு முன், இந்த விடுமுறையில் தெரிந்த ஒரு மெஸ்ஸில் அவளை ஒரு மாதம் வேலைக்கு விடுங்கள். காலை ஐந்து மணிக்கு இட்லிக் கொப்பரை முன்னால் நிற்கட்டும், மதியம் பாத்திரம் கழுவட்டும். மாதக் கடைசியிலும் இதுதான் வேண்டும் என்றால், எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். எந்தக் கல்லூரி என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.