கென் மெக்கின்லே – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் ஸ்பீட்வே (மண் தடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம்) வீரர் கென் மெக்கின்லேவைப் பெரிய வீரர் என்று சொன்ன உங்கள் குறிப்பை வாசித்தேன். முப்பது வருடமாகப் புல்லட் ஓட்டுகிறேன். சின்னதாக ஒரு மெக்கானிக் கடையும் இருக்கிறது. பிரேக்கே இல்லாத வண்டியில் நாலு சுற்று சுற்றுவது முரட்டுத் துணிச்சல்தானே, அதில் வித்தை எங்கே இருக்கிறது? அத்தனை வருடம் ஓட்டியும் ஒருமுறைகூட உலகப் பட்டம் வெல்லாதவரைப் பெரிய வீரர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ரா.

அன்புள்ள ரா.,

மெக்கானிக்கிடம் பேசுவதில் எனக்கு ஒரு வசதி, பாதி விளக்கம் மிச்சம். ஸ்பீட்வே வண்டி என்றால் 500 சி.சி., ஒரே கியர், மெத்தனால் எரிபொருள். நீள்வட்ட மண் தடம், நான்கு வீரர்கள், நான்கு சுற்று. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். திரும்புவதெல்லாம் இடது பக்கம்தான்.

இனி வளைவுக்கு வாருங்கள். நீங்களும் நானும் வளைவைக் கண்டால் ஆக்ஸிலரேட்டரைக் குறைப்போம். இவர்கள் முறுக்குவார்கள். பின்சக்கரம் பிடி விட்டு வலப்புறம் வழுக்கிப் போகும். வண்டி இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்க, ஹேண்டில்பார் வலது பக்கம் பார்த்திருக்கும். இடது பூட்ஸின் அடியில் கட்டிய இரும்புத் தகடு மண்ணை உரசிக்கொண்டே வரும். அந்த வழுக்கல்தான் அங்கே பிரேக். பாதி வழுக்கலில் பயந்து ஆக்ஸிலரேட்டரை மூடினால் டயர் சட்டென்று மண்ணைப் பிடிக்கும். ஆள் வண்டிக்கு மேலே பறப்பார். பயம் வரும் நேரத்தில் கை மூடாமல் இருப்பதற்குப் பழக்கம் வேண்டும். அதை முரட்டுத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டம் விஷயம். உண்மைதான், மெக்கின்லே வெல்லவில்லை. அவர் மட்டுமல்ல, ஸ்காட்லாந்தில் பிறந்த எவரும் தனிநபர் உலகப் பட்டத்தை இதுவரை வென்றதில்லை. 1951-இல் எடின்பரோ மோனார்க்ஸ் அணியின் ஜாக் யங் வென்றார். இரண்டாம் பிரிவு அணியிலிருந்து வந்து உலகப் பட்டம் பெற்ற முதல் ஆள். ஆனால் அவர் ஆஸ்திரேலியர். அடுத்த வருடமே லண்டனின் வெஸ்ட் ஹாம் அணி பெரும் தொகை கொடுத்து அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

மெக்கின்லே 1928-இல் கிளாஸ்கோ பக்கத்துப் பிளாண்டயரில் பிறந்தவர். வீரராக வளர்ந்தது கிளாஸ்கோவின் வைட் சிட்டி மைதானத்தில், டைகர்ஸ் அணியில். போருக்குப் பின் கூட்டம் அலைமோதிய விளையாட்டு இது. ஐம்பதுகளில் கேளிக்கை வரி அழுத்தியது, கூட்டமும் கரைந்தது. தடங்கள் ஒவ்வொன்றாக மூடின. கிளாஸ்கோவில் பந்தயம் நின்றபோது அவர் தெற்கே லெஸ்டருக்குப் போனார். பிறகு கோவென்ட்ரி. அதன் பிறகு, ஜாக் யங்கை அழைத்துக்கொண்ட அதே வெஸ்ட் ஹாம்.

நான் அவரைப் பெரிய வீரர் என்று சொல்வது அங்கே நடந்ததை வைத்துத்தான். 1965-இல் பிரிட்டிஷ் லீக் தொடங்கியது. முதல் வருடமே வெஸ்ட் ஹாம் லீகையும் நாக்-அவுட் கோப்பையையும் வென்றது. கேப்டன் மெக்கின்லே, வயது முப்பத்தேழு. லீக் பந்தயத்தில் அணிக்கு இருவர் ஓடுவார்கள். முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1. இருவரும் முன்னால் வந்துவிட்டால் ஐந்துக்கு ஒன்று. அதற்குக் கூட்டாளியை முன்னே போகவிட்டு, பின்னால் வரும் எதிரணிக்காரருக்கு உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் மாறி மாறி அடைத்துக்கொண்டே ஒருவர் ஓட்ட வேண்டும். அடைப்பவர் எழுதிக்கொள்வது இரண்டே புள்ளி. அந்தக் காலத்தில் ஒரே இரவில் நடந்து முடிந்த உலக இறுதிப் போட்டியிலோ கூட்டாளியே கிடையாது, அவரவர் புள்ளி அவரவருக்கு. அந்த ஓர் இரவின் கணக்கை வைத்து இந்த வேலையை எப்படி அளப்பது?

தடம் மூடி ஊர் மாறிய கதை வேறு ஆட்களுக்கும் உண்டு. கிளாஸ்கோக்காரரான பெர்ட் ஹார்கின்ஸ் எடின்பரோவின் பழைய மெடோபேங்க் மைதானத்தில் ஓட்டினார். 1970 காமன்வெல்த் விளையாட்டுக்காக அங்கே புது மைதானம் கட்டத் தடத்தை எடுத்துக்கொண்டார்கள். அணி கிளாஸ்கோ பக்கத்துக் கோட்பிரிட்ஜுக்குப் போனது. இரண்டு வருடத்தில், லீகில் ஓடுவதற்கான அதன் உரிமமும் லண்டனின் வெம்ப்ளிக்குக் கைமாறியது. ஹார்கின்ஸும் வெம்ப்ளிக்குப் போனார். ஸ்காட்லாந்து வீரரின் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் கையில் மூடிய மைதானங்களின் பட்டியலும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மெக்கின்லே எழுபதுகளில் ஸ்கன்தார்ப் என்ற சின்ன அணிக்கு ஓட்டினார், பாதி வயதுப் பையன்களோடு, நாற்பத்தைந்தைத் தாண்டியும். அந்த நேரத்துக்குள் வைட் சிட்டியை இடித்துவிட்டார்கள். அவர் வழுக்கி ஓட்டிய இடத்தின் மேல் இன்று எம்8 நெடுஞ்சாலை போகிறது.

அன்புடன்.