ஆப்பிரிக்காவில் தனியாட்கள் நடத்தும் பாட்காஸ்ட்கள் வளர்கின்றனவா? அவற்றுக்கு எதிர்காலம் உண்டா?

வளர்கின்றன. எதிர்காலமும் உண்டு. ஆனால் அது பாட்காஸ்ட் செயலிகளில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும்தான் இருக்கும். அங்கேதான் சிக்கலும் இருக்கிறது.

ஐம்பத்து நான்கு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்வது கொஞ்சம் அபத்தம். எனக்குப் பழக்கமானது கென்யா. வேலைக்காக நைரோபியில் இருந்தேன். மொம்பாசா சாலையில் மாலை நெரிசலில் மாட்டினால் காதுக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆகவேண்டும், அப்படிப் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. நைஜீரியா, தென்னாப்பிரிக்கா நிகழ்ச்சிகளை வெறும் கேட்பவனாகத் தெரியும். அரபு, பிரெஞ்சு மொழி நாடுகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

இந்த வளர்ச்சியைப் புரிந்துகொள்ள வானொலியிலிருந்து தொடங்கவேண்டும். கென்யாவில் வானொலி இன்னும் சாகவில்லை, ராஜாவாக இருக்கிறது. மட்டாட்டு என்னும் மினி பஸ்ஸில், முடிதிருத்தும் கடையில், காய்கறிக் கடையில் எங்கும் ஓடிக்கொண்டிருக்கும். சுவாஹிலியில் ரேடியோ சிட்டிசன், கிகுயு மொழியில் கமேமே, லுவோ மொழியில் ரமோகி என்று மொழிக்கு மொழி நிலையம் உண்டு. பேச்சைக் கேட்டு ரசிக்கும் கூட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது, யாரும் புதிதாகப் பழக்கவேண்டியதில்லை. இல்லாதது என்னவென்றால், எதை வேண்டுமானாலும் பேசும் இடம். நிலையங்கள் பெரும்பாலும் சில பெரிய குழுமங்களின் கையில் இருக்கின்றன. அரசு விளம்பரமும் வேண்டும், பெரிய கம்பெனி விளம்பரமும் வேண்டும். காலை நிகழ்ச்சி என்றால் கிசுகிசு, கணவன் மனைவி சண்டை, குலுங்கக் குலுங்கச் சிரிப்பு, அவ்வளவுதான்.

அந்த இடைவெளியில்தான் பாட்காஸ்ட் நுழைந்தது. நுழைந்தவர்களில் பலர் வானொலியிலிருந்தே வந்தவர்கள். அடெல் ஒன்யாங்கோ நைரோபியில் தெரிந்த வானொலிக் குரல். 2019ல் 'லீகலி க்ளூலெஸ்' என்று தனியாகத் தொடங்கினார். முதலில் தன் வாழ்க்கையில் என்ன ஓடுகிறது என்று அவரே பேசுவார், அப்புறம் சாதாரண ஆள் ஒருவர் தன் கதையைத் தன் குரலிலேயே சொல்வார். துக்கம், மனச்சோர்வு, பிரிவு என்று பகல் நேர வானொலி மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காத விஷயங்கள் அங்கே சாவகாசமாக வந்தன. 2018ல் வந்த 'ஆஃப்ரோக்வியர்' இன்னும் ஒரு படி மேலே. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகள் செல்லும் என்று கென்ய உயர் நீதிமன்றமே 2019 மே மாதம் தீர்ப்புச் சொன்ன நாடு அது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்கா முழுக்க இருக்கும் தன்பாலீர்ப்பாளர்களின் கதைகளை ஆவணப்படத் தரத்தில் தயாரித்தார்கள். எந்த எஃப்எம் நிலையம் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கும்?

லாகோஸில் 2017லிருந்து இரண்டு தோழிகள் நடத்தும் 'ஐ செட் வாட் ஐ செட்' வேறு ரகம். கல்யாணம், பணம், பெண்களிடம் நைஜீரியச் சமூகம் எதிர்பார்ப்பது எல்லாவற்றையும் வரவேற்பறை அரட்டை போலப் போட்டு உடைப்பார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் 'சின்சியர்லி அக்ரா' தெருவில் இறங்கி மைக்கை நீட்டும். இப்படிப் பெருகிப் பெருகி, இப்போது நைஜீரியர்களே சமூக ஊடகங்களில், பாட்காஸ்ட் மைக் விற்பனையைத் தடை செய்யுங்கள் என்று கிண்டலடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு துறை கேலிக்கு ஆளாகிவிட்டால் அது நிலைத்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, இதை மக்கள் எப்படிக் கேட்கிறார்கள்? கேள்வி கேட்டவருக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்.

டேட்டா விலை. தென்னாப்பிரிக்காவில் 2016ல் 'டேட்டா மஸ்ட் ஃபால்', அதாவது டேட்டா விலை குறையவேண்டும் என்று ஒரு இயக்கமே நடந்தது. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகு, 2020 ஏப்ரலில்தான் வோடாகாம் என்ற கைபேசி நிறுவனம் ஒரு மாத 1 ஜிபி விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. ஜியோ வந்த பிறகு டேட்டாவைத் தண்ணீர் மாதிரி செலவழித்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று உறைக்காது. 128 கேபிபிஎஸ் தரத்தில் அரை மணி நேர ஒலி கிட்டத்தட்ட 29 எம்பி வரும். கொஞ்சம் கொஞ்சமாக டேட்டா வாங்கும் ஆள் அதைத் தொடுவதற்கு முன் யோசிப்பான். ஆனால் அதே ஆளிடம் வாட்ஸ்அப்புக்கு மட்டும் ஆகும் மலிவான பேக் இருக்கும். ஐந்து நிமிட வாய்ஸ் நோட் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும்.

இதைச் சரியாகப் பிடித்தவர்கள், உண்மை சரிபார்க்கும் ஆஃப்ரிக்கா செக் அமைப்பும் வால்யூம் என்ற தென்னாப்பிரிக்க ஒலித் தயாரிப்புக் குழுவும். 2019ல் 'வாட்ஸ் கிராப் ஆன் வாட்ஸ்அப்' என்று தொடங்கினார்கள். உங்கள் குடும்பக் குழுவில் வந்த சந்தேகமான ஃபார்வர்டை அவர்கள் எண்ணுக்கு அனுப்பவேண்டும். அதை ஆராய்ந்து, சின்ன நிகழ்ச்சியாக்கி, வாய்ஸ் நோட்டாகவே திருப்பி அனுப்புவார்கள். பொய் வந்த அதே குழுவுக்கு நீங்கள் அதைத் தட்டிவிடலாம். செயலி வேண்டாம், புது நிகழ்ச்சிகளைத் தானாகக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் இணைப்பு வேண்டாம், படிக்கத் தெரியாத பாட்டிக்கும் போய்ச் சேரும். இதைவிடப் பொருத்தமான ஒரு பாட்காஸ்ட் வடிவத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

ஆனால் வாட்ஸ்அப் இதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் போகும். எத்தனை பேர் முழுசாகக் கேட்டார்கள் என்று தெரியாது. தெரியாவிட்டால் விளம்பரதாரரிடம் எதைக் காட்டுவது? ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டும் கணக்கில் சுழியம் காட்டும் நிகழ்ச்சிகள் இப்படித்தான் உருவாகின்றன.

அதனால் காசு வேண்டியவர்கள் எல்லாம் கேமராவை வைத்துக்கொண்டு யூடியூபுக்குப் போகிறார்கள். வீடியோ இன்னும் அதிக டேட்டா தின்னும்தான். ஆனாலும் நகரத்தில் வைஃபை உள்ளவர்கள் போதும், விளம்பரப் பங்கு வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் 'பாட்காஸ்ட் அண்ட் சில்' இதற்குப் பெரிய உதாரணம். வானொலியில் இருந்த மேக்ஜி 2018ல் தொடங்கியது, இன்று பத்து லட்சத்துக்கு மேல் சந்தாதாரர்கள். 2021ல் ஒரு நிகழ்ச்சியில் ஒருபாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் பற்றிக் கேவலமாகப் பேசியதற்கு ஓல்ட் மியூச்சுவல் நிறுவனம் விளம்பர ஆதரவை விலக்கிக்கொண்டது. நிகழ்ச்சி அசையவே இல்லை. ஆசிரியரும் இல்லை, முதலாளியும் இல்லை என்ற அதே சுதந்திரம்தான் 'ஆஃப்ரோக்வியர்' வரவும் வழிவிட்டது, இதற்கும் வழிவிட்டது. எனக்கு ஒன்று பிடிக்கும், மற்றது பிடிக்காது. 2025ல் அதே நிகழ்ச்சியில் ஒரு நடிகையைப் பற்றி மறுபடியும் ஆபாசமாகப் பேசப்போய், பாட்காஸ்ட்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு நாடாளுமன்றம் வரை போனது.

கட்டுப்பாடு என்றால் எனக்கு உடனே நினைவு வருவது தான்சானியா. 2018ல் வலைப்பதிவு, இணைய வானொலி, இணைய டிவி நடத்த உரிமம் வேண்டும் என்று விதி போட்டார்கள். கட்டணம் இருபது லட்சம் தான்சானிய ஷில்லிங்குக்கு மேல், அன்றைய கணக்கில் 900 டாலருக்கும் அதிகம். வலைப்பதிவு எழுதும் கல்லூரி மாணவன் எங்கே போவான்? உகாண்டா அதே வருடம் வாட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்களுக்கு ஒரு நாளுக்கு 200 உகாண்டா ஷில்லிங் வரி போட்டது. 2021ல் அதை எடுத்துவிட்டு, டேட்டாவின் மேலேயே 12 சதவீதம் ஏற்றியது. மோசமான ஒரு நிகழ்ச்சியைக் காட்டி வரும் சட்டம் கடைசியில் நல்ல நிகழ்ச்சியின் கழுத்தைத்தான் பிடிக்கும் என்ற பயம் எனக்கு உண்டு.

பண விஷயத்தில் வெளி உதவியைப் பெரிதாக நம்பவேண்டாம். ஸ்பாட்டிஃபை 2022ல் ஆப்பிரிக்க பாட்காஸ்ட் நிதி என்று ஒரு லட்சம் டாலரை நான்கு நாடுகளின் 13 பேருக்குப் பிரித்துக் கொடுத்தது. பெயர் கிடைத்தது, நல்லதுதான். தலைக்கு எட்டாயிரம் டாலர்கூட வராது. அதே நிறுவனம் 2025 ஜனவரியில் வருமானப் பங்குத் திட்டம் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று நான்கு நாடுகளோடு நிறுத்திக்கொண்டது. இன்னொரு பக்கம், நைஜீரியாவில் 2023 ஜூனுக்கு முன் டாலருக்கு 460 நைரா என்றிருந்தது 2024ல் 1,500 பக்கம் போனது. மைக், ஒலிக்கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங், எடிட்டிங் மென்பொருள் எல்லாம் டாலரில், விளம்பர வருமானம் மட்டும் நைராவில் என்றால் லாகோஸ்காரர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? பலர் விருது நிகழ்ச்சித் தொகுப்பு, கம்பெனிகளுக்கு ஒலித் தயாரிப்பு என்று வேறு வேலை செய்துதான் நிகழ்ச்சியை ஓட்டுகிறார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது உள்ளூரில் கட்டப்படும் விஷயங்கள். ஆப்பிரிக்க பாட்காஸ்டர்களுக்கென்றே நைரோபியிலிருந்து இயங்கிய ஆஃப்ரிபாட்ஸ் தளம் இலவச ஹோஸ்டிங் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை நிதியைப் பிரித்துக் கொடுத்ததும் நைரோபிப் பெண்கள் தொடங்கிய ஆஃப்ரிக்கா பாட்ஃபெஸ்ட் அமைப்புதான். பிப்ரவரி 12ஐ ஆப்பிரிக்க பாட்காஸ்ட் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மறுநாள் உலக வானொலி தினம், தேதியை யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் போல. 2007லிருந்து எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் தக்காளி முதல் பள்ளிக் கட்டணம் வரை கட்டிப் பழகிய கென்யாவில், பிடித்த நிகழ்ச்சிக்கு இருபது ஷில்லிங் அனுப்புவது பெரிய விஷயமே இல்லை. அதை ஒழுங்காகக் கோத்துக் கொடுக்கும் ஏற்பாடு வரவேண்டும். மாதாமாதம் டாலரில் சந்தா கட்டச் சொல்வதைவிட அது எவ்வளவோ நடக்கக்கூடியது. மொழியும் அப்படித்தான். இதுவரை பெயர் வாங்கியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு. நைரோபித் தெருக்களின் கலப்பு மொழியான ஷெங், நைஜீரியாவின் யொரூபா, ஹௌசா, தென்னாப்பிரிக்காவின் ஜூலு பேசும் கூட்டத்தின் பெரும்பகுதி இன்னும் எஃப்எம் பக்கம்தான் இருக்கிறது. அடுத்த வளர்ச்சி அங்கிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு.

கேட்டுப் பார்க்க ஆசையிருந்தால் 'நிபே ஸ்டோரி'யில் தொடங்குங்கள். கெவின் முவாச்சிரோ ஆப்பிரிக்கச் சிறுகதைகளை வாசிப்பார், அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆங்கிலம் எளிதாகப் புரியும், குரல் அபாரம். 'லீகலி க்ளூலெஸ்' அதற்கடுத்து. 'பாட்காஸ்ட் அண்ட் சில்' கேட்பதானால் வீட்டில் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.