கேமிங் பிசி: காசு கிராபிக்ஸ் கார்டுக்கா, கீபோர்டுக்கா?

புதிதாகக் கேமிங் பிசி போடும்போது கிராபிக்ஸ் கார்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதா, மெக்கானிக்கல் கீபோர்டுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கார்டுக்குத்தான்.

ஆனால் முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1920×1080 திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு முழுப் படத்துக்கு, சுமார் 20 லட்சம் பிக்சல். 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு, கார்டுக்கு அவ்வளவு வேலை கூடும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில், கார்டு நொடிக்கு 200 ஃபிரேம் கொடுத்தாலும் திரை 60 முறைதான் மாறும். கார்டின் சொந்த நினைவகமான விராமில் (VRAM) மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது நிரம்பிவிட்டால் டெக்ஸ்சர்களை (கேமில் பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) கணினியின் பொது நினைவகமான சிஸ்டம் ராமிலிருந்து இழுக்க வேண்டிவரும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நன்றாகத் தெரிந்தாலும் கேம் திக்கித் திக்கி ஓடும். அதுதான் பெரிய எரிச்சல். பவர் சப்ளை தாங்குமா, கேபினெட்டுக்குள் கார்டு அடங்குமா என்பதையும் ஆர்டர் போடும் முன்பே பாருங்கள்.

கீபோர்டில் நான் பார்ப்பது, சேர்த்து அழுத்தும் கீகள் எல்லாம் பதிவாகின்றனவா என்பதைத்தான். விலை குறைந்த சில மெம்பிரேன் (கீகளுக்கு அடியில் தனி ஸ்விட்ச் இல்லாமல் மெல்லிய தகடு உள்ள) மாடல்களில் டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் மூன்றையும் பிடித்தபடி ஆர் தட்டினால் ஒன்று பதிவாகாது. ஓடித் தாவும்போது ரீலோடு ஆகாமல் போகும். எத்தனை கீ சேர்த்து அழுத்தினாலும் எல்லாம் பதிவாகும் என்-கீ ரோல்ஓவர் வசதி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மெக்கானிக்கல் கீபோர்டில் அழுத்தும் உணர்வைக் குறிக்கும் ஸ்விட்ச் நிறம் அவரவர் விரலுக்குப் பிடித்தது. பல நிறங்களில் மின்னும் ஆர்ஜிபி விளக்குக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதையும் விராமில் போடுங்கள்.